ஒரு ரப்பர் பேண்டுக்குள் நூற்று நாற்பத்து மூன்று பேர்

அலுவலகத்தில் அவள் பெயர் முத்திரையக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை.

நகராட்சிக்கு வரும் தபால் எல்லாம் முதலில் அவள் மேசைக்குத்தான் வரும். உறையின் ஓரத்தைப் பிளேடால் கீறுவாள். கடிதத்தை விரித்து, இடது கட்டைவிரலால் கீழ்மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வலப்பக்க மூலையில் தேதி முத்திரையைக் குத்துவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். மையூறிய விரல் பட்டு, ஒவ்வொரு கடிதத்தின் இடது கீழ்மூலையிலும் ஊதாவாக ஒரு தீற்றல் விழும்.

"உங்க கைரேகை இல்லாத ஃபைல் இந்தக் கட்டடத்துலயே கிடையாதுக்கா" என்பார் பிரிவு அதிகாரி. அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். "நாளைக்கே ஏதாவது திருடு போச்சுன்னா போலீஸ் நேரா உங்களைத்தான் வந்து பிடிக்கும்."

"பிடிக்கட்டும் சார். அங்கயாவது மின்விசிறி சுத்துமான்னு பார்க்கறேன்."

அந்த வருஷம் அரசு கழிவுக் குறைப்புத் திட்டத்தை அறிவித்தது. குப்பையைப் பாதியாகக் குறைப்பது, மறுசுழற்சியை இரண்டு மடங்காக்குவது. பொதுமக்களிடம் பதினான்கு கேள்விகள் கேட்டிருந்தார்கள். வாரம் இருமுறை வரும் குப்பை வண்டி ஒருமுறை வந்தால் போதுமா என்பது மூன்றாவது கேள்வி. ஒன்பதாவதுதான் பெரியது: ஒவ்வொரு வீட்டிலும் நான்கு நிறத் தொட்டிகள் வைத்து வீட்டிலேயே பிரித்துவிட்டால், ஊர் எல்லையில் கையால் குப்பை பிரிக்கும் கொட்டகையை மூடிவிடலாமா?

பதில்களைப் படித்து வகைப்படுத்தும் வேலை முத்திரையக்காவுக்கு வந்தது. நான்கு குறிகள். ஆதரவு என்றால் 'ஆ'. எதிர்ப்பு 'எ'. விளக்கம் கேட்டால் 'வி'. கேள்விக்குச் சம்பந்தமில்லாதது 'பொ', பொருந்தாதவை. கடிதத்தின் தலைப்பில் பென்சிலால் எழுதினால் முடிந்தது.

வசவுதான் வரும் என்று நினைத்திருந்தாள். வசவும் வந்தது. ஒருவர் ஒரு முழுத்தாளில் 'அறிவிருக்கா' என்று மட்டும் எழுதியிருந்தார். அவள் 'எ' போட்டாள். அதற்கு அடுத்த உறையில் தடிப்பாக என்னவோ இருந்தது. கீறினால் கழுவிக் காயவைத்து மடித்த பால் பாக்கெட். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'இதற்கு மேல் எப்படிக் கழுவுவது என்று சொல்லவும்.' அவள் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியைவிடச் சுத்தமாக இருந்தது.

ஆறாவது மாடிக்காரி ஒருத்தி எழுதினாள்: 'லிஃப்ட் ஓடாத நாளில் நான்கு பை. எனக்கு இரண்டு கை.' ஒரு பள்ளி ஆசிரியர் தன் வீட்டுக் குப்பையை நாற்பது நாள் சமையலறைத் தராசில் நிறுத்து வரைபடமே போட்டு அனுப்பியிருந்தார். பதினெட்டாம் நாள் கோடு திடீரென்று ஏறியிருந்தது. அடிக்குறிப்பில், 'மாமியார் வருகை.' மனைவியை இழந்த ஒருவர், அவள் பாதி பயன்படுத்திய முகப்பூச்சு டப்பாக்கள் பதினொன்று அலமாரியில் இருப்பதாகச் சொல்லி, காலி டப்பாவுக்குத் தொட்டி இருக்கிறது, காலியாகாத இவை எதில் சேரும் என்று கேட்டிருந்தார். கோபமே இல்லை. 'வி' போட்டுவிட்டு அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

மொத்தம் ஆறாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். ஊரே தன் சமையலறைக் கதவைத் திறந்து, வாங்க, வந்து பாருங்க என்று கூப்பிட்டது போல அவளுக்கு இருந்தது. இத்தனை வருஷம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் இவர்கள்தானா? இவ்வளவு யோசிக்கிறார்களா?

அவள் கணவன் பஸ் ஓட்டுநர். அவனும் ஒரு கடிதம் போட்டிருந்தான். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸுக்குள் சேரும் குப்பையைப் பற்றி இரண்டு பக்கம், நடுவே நடத்துநரைப் பற்றி ஒரு பக்கம். திட்டம் வீடுகளைப் பற்றியது. வேறு வழியில்லாமல் 'பொ' போட்டாள்.

அன்று சாயங்காலம் அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"என் லெட்டர் வந்துச்சா?"

"அதெல்லாம் ஆபீஸ் ரகசியம்."

"நல்லா எழுதியிருந்தேன்ல?"

"கையெழுத்து பரவாயில்ல."

"கையெழுத்தா? விஷயம் எப்படி?"

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

விதிமுறையில் இரண்டு வரிகள் முக்கியமானவை. ஒரே வாசகத்தில் வரும் கடிதங்கள் எத்தனை இருந்தாலும் ஒன்றாகவே எண்ணப்படும். நேரில் வந்து கருத்துச் சொல்ல விரும்புவோர் ஒரு கேள்விக்கு நூறு பேரைத் தாண்டினால், திட்டத்தை முடிவு செய்யும் குழு அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

ஒரே வாசகக் கடிதங்களைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் வரியைப் பார்ப்பாள், அடுத்ததன் முதல் வரியைப் பார்ப்பாள், ரப்பர் பேண்டைப் போட்டுவிடுவாள். மேலே ஒரு சீட்டில் 'ஒன்று' என்று எழுதுவாள். அப்படி முப்பது நாற்பது கட்டுகள் போட்டிருந்தாள். அவற்றில் ஒன்று கொஞ்சம் தடியானது. கோடு போட்ட நோட்டுப் புத்தகத் தாள். எல்லாம் ஒரே கையெழுத்து. 'ஒன்பதாம் கேள்வி குறித்து எங்களை நேரில் அழைத்துக் கேட்கும்படி வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று தொடங்கும். யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து நாள் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார் என்று நினைத்தாள். அவளிடம் இப்படி எத்தனை பேர் எத்தனை சாமர்த்தியம் காட்டியிருக்கிறார்கள். ரப்பர் பேண்ட் போட்டாள். 'ஒன்று.'

ஒன்பதாம் கேள்விக்கு நேரில் வர விரும்பியவர்கள் கூட்டிப் பார்த்தால் முப்பத்திரண்டு பேர். நூறைத் தொடவில்லை. நேர்கேட்பு இல்லை என்று அறிக்கையில் ஏறியது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை குழுவுக்குப் போக வேண்டும்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். "அக்கா, பின்னிணைப்புக்கு ஒவ்வொரு கட்டுலேருந்தும் மாதிரிக்கு ஒரு லெட்டர் வேணும். கசங்காததா எடுங்க."

தடியான கட்டின் மேல் கடிதம் கசங்கியிருந்தது. நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். நகல் எடுக்கும் இயந்திரம் சூடாகும்வரை நிற்க வேண்டியிருந்தது. கையில் வேறு ஒன்றும் இல்லாததால் கடிதத்தைக் கடைசிவரை படித்தாள்.

கடைசி வரி: 'புட்டியின் மூடி ஒரு பிளாஸ்டிக், புட்டி வேறு பிளாஸ்டிக். மூடியைத் திருகிப் போடாமல் தனியாகப் போடச் சொல்லுங்கள். வரிசை எண் 17.'

இயந்திரம் தயார் என்று விளக்கு எரிந்தது. அவள் மேசைக்குத் திரும்பிப்போய் இன்னொன்றை உருவினாள்.

'உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றினால் போதாது. மேலே கண்ணாடி என்று எழுதினாலும் எங்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு சிவப்புக் கோடு போடச் சொல்லுங்கள். வரிசை எண் 60.'

இன்னொன்று. 'வெயில் காலத்தில் பேட்டரி வீங்கும். தொட்டால் தெரியும். வீங்கியது வந்தால் பெல்ட்டை நிறுத்த எங்களுக்கு ஒரு பொத்தான் வேண்டும். வரிசை எண் 104.'

ரப்பர் பேண்டைக் கழற்றினாள். முதல் பத்தி எல்லாவற்றிலும் ஒன்றுதான். கடைசி வரி ஒன்றிலும் ஒன்று போல இல்லை.

அப்போதுதான் இடது கீழ்மூலை கண்ணில் பட்டது. ஊதாத் தீற்றல். தன்னுடையது என்று இருந்துவிட்டாள். எல்லாக் கடிதத்திலும் இருப்பதுதானே. இதில் அவள் தீற்றலை ஒட்டி இன்னொன்று, கொஞ்சம் அழுத்தமாக, கொஞ்சம் உருண்டையாக இருந்தது. மைப்பெட்டியில் தன் கட்டைவிரலை ஒற்றிப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தாள். அவள் விரலின் நடுவே பிளேடு கீறிய பழைய தழும்பு உண்டு. ரேகையில் அது வெள்ளைக் கோடாக விழும். பக்கத்து ரேகையில் கோடு இல்லை. அது அகலமான விரல். அடுத்த கடிதத்தில் சின்ன விரல். அதற்கடுத்ததில் நுனி வெட்டுப்பட்ட விரல்.

எண்ணினாள். நூற்று நாற்பத்து மூன்று.

ஒருவருக்கு ரேகையே இல்லை. வழவழவென்று ஒரு நீள்வட்டம் மட்டும். கூழாங்கல்லை மையில் முக்கி வைத்ததுபோல.

அதிகாரி கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார். "அக்கா. ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட்டாச்சு."

"தெரியும் சார்."

"கையெழுத்து ஒருத்தரோடது. ஒருத்தரே பட்டியலை வச்சுக்கிட்டு எழுதி, தன் விரலையே மாத்தி மாத்தி வச்சிருந்தா?"

"மாத்தி வச்சா பத்து விரல் வரும் சார். இது நூத்து நாப்பத்து மூணு. அத்தனை விரல் இருக்கிற ஆள் ஒருத்தர் இருந்தா, அவரையாவது குழு கூப்பிட்டுப் பார்க்கணும்ல?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "எனக்குக் கேலியா இருக்கலாம். குழு கேட்டா நான் என்ன சொல்றது? ஆளுங்க இருக்காங்கன்னு யார் பார்த்தா?"

"குப்பை பிரிக்கிற கொட்டகைக்கு நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"நாளைக்கு ஒருநாள்தான். சனி ஞாயிறு லீவு."

கொட்டகை கணவனின் பஸ் போகும் தடத்தில்தான் கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் இருந்தது. அவன் பஸ்ஸிலேயே போனாள். இறங்கும்போது அவன் பின்னால் திரும்பி, "பின் சீட்டைப் பார்த்துட்டு இறங்கு. எவ்வளவு குப்பைன்னு பாரு. அப்புறம் பொருந்துமா பொருந்தாதான்னு சொல்லு" என்றான்.

தகரக் கூரை. கடிதத்தில் சொன்ன பெல்ட், உள்ளே ஓடும் ரப்பர் பட்டைதான். இருபுறமும் வரிசையாக ஆட்கள். ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு கூடை. ஊரின் நேற்று முழுவதும் அந்தப் பெல்ட்டில் வந்துகொண்டிருந்தது. நாற்றம் முதல் ஐந்து நிமிஷம்தான் தெரிந்தது. அதற்குப்பின் அவள் கைகளை மட்டுமே பார்த்தாள்.

கைகள் தேடவில்லை. எல்லாம் முன்பே தெரிந்தது போல இறங்கி, எடுத்து, பின்னால் பார்க்காமலே கூடையில் போட்டன. பதினேழாம் எண்காரி இரண்டு டப்பாக்களை எடுத்துப் பெல்ட்டின் இரும்பு ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டி, ஒன்றை வலப்பக்கமும் ஒன்றை இடப்பக்கமும் போட்டாள்.

"பார்க்க ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்று முத்திரையக்கா கேட்டாள்.

"கேக்க ஒரே மாதிரி இல்லையே. இது பாடும். அது இருமும்."

மறுபடி தட்டிக் காட்டினாள். ஆமாம். ஒன்று பாடியது. ஒன்று இருமியது. ஐம்பத்து மூன்று வயதில் அவள் முதல்முறையாக ஒரு தயிர் டப்பாவின் குரலைக் கேட்டாள். அப்படியே நின்றுவிட்டாள். பின்னாலிருந்து ஒருவன், "அக்கா, பெல்ட்டுல கை வைக்காதீங்க. உங்களையும் ஏதாவது கூடையில போட்டுடுவாங்க" என்றான்.

கடிதங்களை எழுதியவளை எழுத்துக்காரி என்றே கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல் கட்டியிருந்தது. பதினொரு நாள், தேநீர் இடைவேளைகளில் எழுதியதாகச் சொன்னாள்.

"முதல் பத்தி எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கே?" என்று முத்திரையக்கா கேட்டாள். குரல் தாழ்ந்துதான் வந்தது.

"வணக்கம் சொல்றதுல என்னங்க வித்தியாசம்? அதை எழுதி எழுதிக் கை மரத்துப்போச்சு. கடைசி வரி மட்டும் அவங்கவங்க சொன்னது. நான் ஒரு எழுத்து சேர்க்கல. ஏன், தப்பாயிடுச்சா?"

"இல்ல. தப்பு உங்க பக்கம் இல்ல."

"திட்டம் வேணாம்னு நாங்க சொல்லல. நல்ல திட்டம்தான். குப்பை குறையட்டும். ஆனா பிரிக்கறதைப் பத்தி ஊர்ல எல்லார்கிட்டயும் கேக்கறாங்களே, பிரிக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

முத்திரையக்கா வருகைப் பதிவேட்டை வாங்கி எண்களைச் சரிபார்த்தாள். ரேகை இல்லாத கடிதத்தில் எண்பத்தெட்டு என்று இருந்தது. அது யார் என்று கேட்டாள்.

"அவளா? அவ மதிய ஷிஃப்ட்டுங்க. முப்பது வருஷம் கண்ணாடிக் கூடை. ரேகை எல்லாம் தேஞ்சுபோச்சு. அடையாள அட்டை எடுக்கப் போனா, விரல் வைக்கிற மெஷின் ஆளே இல்லன்னு சொல்லிடுச்சாம். இவ மெஷினுக்கு முன்னாலயே நிக்கறா!" எழுத்துக்காரி சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கைகள் மட்டும் நிற்கவில்லை.

வெள்ளி மாலை அலுவலகம் மூடுவதற்குள் முத்திரையக்கா திருத்தச் சீட்டு எழுதினாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எழுதும் முதல் திருத்தச் சீட்டு. முப்பத்திரண்டை அடித்து நூற்று எழுபத்து நான்கு என்று எழுதினாள். 'திருத்தத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு 'கடைசிவரை படிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி படித்துவிட்டு, "இவ்வளவு அப்பட்டமாவா எழுதுவாங்க? எழுத்துப்பிழைன்னு போடலாமேக்கா" என்றார்.

"எழுத்துல ஒரு பிழையும் இல்ல சார்."

அவர் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை நூற்று நாற்பத்து மூன்று கடிதங்களுக்கும் தனித்தனியே குறி போட்டாள். 'ஆ' நிறைய வந்தது, 'எ' கொஞ்சம், 'வி' கொஞ்சம். எண்பத்தெட்டாம் எண் கடிதத்தில் அதுவரை எண்ணை மட்டுமே பார்த்திருந்தாள்; கடைசி வரியை அப்போதுதான் படித்தாள். எந்தக் குறியும் அதற்குப் போட முடியவில்லை. 'பொ' போட மனசு வரவில்லை. காலியாகவே விட்டுப் பட்டியலில் சேர்த்தாள்.

பத்து நாள் கழித்து நேர்கேட்பு நடந்தது. கூட்ட அறை நிறைந்து தாழ்வாரத்திலும் ஆட்கள் நின்றார்கள். எல்லாரும் முத்திரையக்காவின் மைப்பெட்டியில் விரல் தொட்டு, வருகைப் பதிவேட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். நூறாவது ஆளுக்கு மை காய்ந்துவிட்டது. புட்டியைத் திறந்து ஊற்றினாள்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் வயதான அம்மாள், வெள்ளைப் பருத்திப் புடவை. அறையின் வாசலில் நான்கு நிற மாதிரித் தொட்டிகள் இரண்டு வாரமாக இருந்தன. எதில் எதைப் போட வேண்டும் என்று மேலே படம் ஒட்டியிருந்தது. அலுவலகமே படத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தது.

தலைவர், "சொல்லுங்க" என்றார்.

எழுத்துக்காரி எழுந்தாள். "எழுத வரும்மா. பேச அவ்வளவா வராது. வாசல்ல இருக்கிற தொட்டிகளைக் கொட்டிக்கலாமா?"

தலைவர் தலையாட்டினார். ஒரு விரிப்பை விரித்து நான்கு தொட்டிகளையும் கவிழ்த்தார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் விளக்கம் சொல்லவில்லை. நகத்தால் தட்டுகிற சத்தம், கசக்குகிற சத்தம், ஒன்றிரண்டு தரம் முகர்ந்து பார்க்கிற மூச்சு. நான்கு குவியல் பதினொன்றாகப் பிரிந்தது. குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து மேசைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். கடைசியில் தலைவரும் வந்தார்.

காகிதத் தொட்டியிலிருந்து வந்ததில் பாதிக்குமேல் காகிதக் குவியலில் இல்லை. தலைவர் ஒரு தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். "இது காகிதம்தானே? படத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு."

பதினேழாம் எண்காரி அதை வாங்கி, விளிம்பில் நகத்தைக் கொடுத்து மெல்ல இழுத்தாள். உள்ளிருந்து கண்ணாடி போல ஒரு தோல் உரிந்து வந்தது. உரிந்துகொண்டே வந்தது. முழுக் கோப்பையும் இரண்டாகிக் கையில் நின்றது, ஒன்று காகிதமாக, ஒன்று கண்ணுக்கே தெரியாததாக.

தலைவர் அந்தத் தோலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கோவிலுக்குள் நிற்பவர்களைப் போல எல்லோரும் நின்றார்கள்.

"இந்தப் படத்தை வரைஞ்சது யார்?" என்று தலைவர் கேட்டார்.

அதிகாரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

"இவங்களை வச்சுத் திருப்பி வரையுங்க. ஒன்பதாம் கேள்வியில மூடறதுங்கிற வார்த்தையை எடுத்துடுங்க. வீட்டுல எத்தனை தொட்டி, எதுல எதுன்னு இவங்ககிட்டக் கேட்டுட்டு எழுதுங்க."

சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிய தலைவர், பட்டியலைப் புரட்டி ஓரிடத்தில் நின்றார். "இது ஒண்ணு மட்டும் குறி இல்லாம இருக்கே. எண்பத்தெட்டு. விட்டுப்போச்சா?"

முத்திரையக்கா முன்னால் வந்தாள். "விட்டுப்போகல அம்மா. அதுக்கு என்ன குறி போடறதுன்னு எனக்குத் தெரியல."

கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரியை வாய்விட்டுப் படித்தார்.

'எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இருக்கிறேன் என்று எழுதவும்.'

கீழே அந்த வழவழப்பான நீள்வட்டம். தலைவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இவங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

தாழ்வாரத்தில் ஒரு சலசலப்பு. ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். ஒடிசலான ஒரு பெண் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஊதா மை இன்னும் காயாத கட்டைவிரலைப் புடவையில் படாமல் தூக்கி வைத்திருந்தாள்.

"இருக்கேங்க" என்றாள்.

முத்திரையக்கா பட்டியலை வாங்கி, காலியாக இருந்த கட்டத்தில் அதை அப்படியே எழுதினாள்.